உப்பங்கழிக்கு எந்த ரீல்: ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா?

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடிவிட்டால் டெல்டாவின் கடைமடை ஆறுகளில் ஓட்டம் அடங்கிவிடும். மாசி, பங்குனியில் கழிமுகத்துக்குள் ஏறி இறங்குவது கடல் தண்ணீர்தான். மழைக்காலக் கலங்கல் தெளியும், சில முகத்துவாரங்களில் மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். மீன் நிற்கும் இடமும் சுருங்கும்: கடைமடை ஷட்டர்களுக்குக் கீழே உள்ள மடு, பாலத் தூண், அலையாத்தி ஓரத்து வாய்க்கால் வளைவு. பழையாறு தொடங்கி வெட்டாறு, வெள்ளையாறு வழியாக முத்துப்பேட்டை வரை கொடுவா, செப்பிலி, காலா, குட்டிப் பாறை என்று தூண்டிலுக்கு நல்ல வேளை இது. புதிதாக வாங்குகிறவர்களும் இந்தச் சமயத்தில்தான் அதிகம், அவர்கள் முதலில் கேட்பதும் ஒன்றுதான்: தூண்டில் கம்பில் (ராடில்) மாட்டி நூல் சுற்றும் ரீல் எது வாங்குவது, ஸ்பின்னிங் ரீலா, பெய்ட்காஸ்டரா?

நான் வைத்திருப்பது ஸ்பின்னிங். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கைத்தூண்டிலை இந்தப் போட்டிக்குள் இழுக்கவில்லை. படகில் உட்கார்ந்து நரம்பை விரலில் பிடித்துக் கெளிறு எடுக்கிறவருக்கு இரண்டு ரீலும் வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஸ்பின்னிங் ராடுக்குக் கீழே தொங்கும், அதன் ஸ்பூல் (நூல் சுற்றிய உருளை) வீசும்போது சுழலாது. பெய்ட்காஸ்டர் ராடின் மேல் உட்காரும், லூர் (செயற்கை இரை) இழுக்க இழுக்க ஸ்பூலும் சுழலும். முன்னதைப் பழக அரை நாள் போதும், பின்னதற்குக் கட்டைவிரல் பக்குவப்பட வேண்டும். குறி பார்த்துப் போடுவதிலும் முரட்டு மீனைக் கட்டி இழுப்பதிலும் பெய்ட்காஸ்டருக்குத்தான் பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊரில் முதலில் கணக்கில் வருவது காற்று. இந்தப் பருவத்தில் காலையில் நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். வெயில் ஏறியதும் கடல்காற்று கிழக்கிலிருந்து கிளம்பி, கழிமுகத்தில் கடலைப் பார்த்து நிற்பவன் முகத்திலேயே அடிக்கும். எதிர்காற்றில் லூரின் வேகம் குறைகிறது, ஸ்பூலின் வேகம் குறைவதில்லை. பெய்ட்காஸ்டரில் நூல் சிக்கு விழுவது இந்த இடைவெளியில்தான். ஸ்பூலின் பிரேக்கைக் கூட்டினால் சிக்கு வராது, ஆனால் வீச்சு பாதியாகும். தெளிந்த தண்ணீரில் கிட்டப் போய் நின்று போட்டால் கொடுவா முதலில் ஆளைப் பார்த்துவிடும். தூரம் தேவைப்படுகிற சமயத்தில் தூரத்தைக் குறைக்கச் சொல்கிற கருவி அது.

அடுத்தது எடை. நம் உப்பங்கழியில் ஓதத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்கள் தவிர நீரோட்டம் மந்தம், ஆழமும் பெரும்பாலும் இடுப்பளவு. இங்கே 7 கிராம் ஜிக் ஹெட்டில் (ஈயத் தலை வைத்த முள்) மூன்று அங்குல ரப்பர் மீன், அல்லது 1/0 முள்ளில் உயிர் இறால், ஒரு சின்ன ஈயக்குண்டு, இவ்வளவுதான் சரக்கு. சாதாரண பெய்ட்காஸ்டர் 10 கிராமுக்குக் கீழே ஒழுங்காக வீசாது. எடை குறைந்த சரக்குக்கென்றே ஆழமில்லாத ஸ்பூல் வைத்த வகை உண்டு. ஆனால் அதில் கொடுவாவுக்கு வேண்டிய கனத்த நூல் போதுமான நீளம் ஏறாது. உயிர் இறாலைப் பெய்ட்காஸ்டரில் வெடுக்கென்று வீசினால் இன்னொரு தொல்லை, இறால் ஒரு பக்கமும் முள் ஒரு பக்கமுமாகப் போய் விழும்.

இதெல்லாம் பழகிச் சமாளிக்கக்கூடியவை. வாங்குவதைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. கடையில் கையில் எடுத்துச் சுற்றிப் பார்க்கும்போது இரண்டுமே வெண்ணெய் மாதிரிதான் சுற்றும். ஒரு பருவம் உப்பில் கிடந்த பிறகுதான் யார் யார் என்று தெரியும்.

உப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்பின்னிங்கில் நனைந்த நூல் ஸ்பூலுக்கு வந்து சுற்றிக்கொள்கிறது, ஸ்பூல் உடம்புக்கு வெளியே இருக்கிறது. கியர் எல்லாம் அதற்குப் பின்னால் மூடிய பெட்டிக்குள். உப்புத்தண்ணீர் முதலில் பிடிக்கிற இடம் ஒன்றே ஒன்று: நூல் திரும்பி ஏறுகிற லைன் ரோலர். அதற்குள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன பேரிங் ஒன்று உண்டு. கெடுவதென்றால் அதுதான் முதலில் கெடும், ஒரே திருகைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும்.

பெய்ட்காஸ்டரில் கதை வேறு. நனைந்த நூல், அதைச் சமமாகப் பரப்பிச் சுற்றவைக்கும் லெவல்வைண்ட் வளையத்துக்குள் புகுந்து, வளையத்தை இடவலமாக ஓட்டும் புழுத்தண்டின் மேலேயே சொட்டிக்கொண்டு போகிறது. அந்தத் தண்டில் குறுக்கும் நெடுக்குமாகப் பள்ளம், பள்ளத்துக்குள் ஓடுகிற சின்ன நாக்கு ஒன்று. நம் கழிமுகத்து வண்டல் மாவு மாதிரி நுண்ணியது. நூலோடு வந்த களி கிரீஸில் கலந்து, நாக்கை அரம்போல் அராவிவிடும். முதலில் கரகரவென்று சத்தம், பிறகு வளையம் ஒரு ஓரத்தில் நின்றுவிடும், நூல் ஒரே இடத்தில் குவியும். அடுத்தது ஸ்பூல் பேரிங்குகள். வேகமாகச் சுழல வேண்டும் என்பதால் அவற்றில் கிரீஸ் கிடையாது, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் மட்டும்தான். வீசும்போது ஸ்பூல் நூலிலுள்ள தண்ணீரை நாலாபக்கமும் உதறும், அதில் பங்கு பேரிங்குக்கும் போகிறது. எண்ணெய் கழுவப்பட்டு உப்பு உட்கார்ந்தால் வீச்சு நாளுக்கு நாள் குறையும். ‘நம் கைதான் சரியில்லை’ என்று ஆள் நினைத்துக்கொண்டிருப்பான், உள்ளே துரு. துருப்பிடிக்காத எஃகு என்று பெட்டியில் போட்டிருந்தாலும் பேரிங் எஃகு கடினத்துக்காகச் செய்யப்படுவது, உப்பில் அது துருப்பிடிக்கும். செராமிக் பேரிங்கிலும் பெரும்பாலும் குண்டு மட்டும்தான் செராமிக், வளையம் எஃகுதான்.

மூன்றாவதாகச் சட்டம். அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகு, இடையில் உப்புநீர். இரண்டு உலோகம் தொட்டு நிற்கும் இடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி கட்டும், திருகு இறுகிப்போகும். ஸ்பின்னிங்குக்கும் இது வரும். ஆனால் பெய்ட்காஸ்டரை அடிக்கடி திறந்தாக வேண்டும் என்பதால் இறுகின திருகு அங்கே கூடுதல் வினை. உப்பு காய்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். பகலில் காய்ந்த பொடி ராத்திரிப் பனியில் மறுபடி நீராகும்.

ஆக, ஒவ்வொரு முறை போய் வந்த பிறகும் என்ன செய்ய வேண்டும்?

ஸ்பின்னிங்குக்கு ஐந்து நிமிடம். மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக்கின் குமிழை நன்றாக இறுக்குங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாஷருக்குள் போகும். குழாயைத் தூறல் மாதிரி மெல்லத் திறந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே ரோலர், பெயில் கம்பி (நூலை ஸ்பூலுக்குத் திருப்பும் வளைகம்பி), ஸ்பூல் ஓரம் எல்லாம் கழுவுங்கள். பீச்சியடித்தால் வெளியே இருந்த உப்பு உள்ளே போகும், வாளியில் முக்கினாலும் அதே கேடு. உதறி, துணியால் துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்தி நிழலில் வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர் அமுங்கி, மீன் ஓடும்போது டிராக் திக்கித் திக்கிக் கொடுக்கும். ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய். முடிந்தது.

பெய்ட்காஸ்டருக்கு இத்தனையும் செய்துவிட்டு, பக்கத்தகட்டைத் திறந்து ஸ்பூலை வெளியே எடுக்க வேண்டும். பழைய பல்துலக்கியால் புழுத்தண்டைத் தேய்த்துக் களியை எடுத்து, துடைத்து, இரண்டு பேரிங்கிலும் ஒவ்வொரு சொட்டு. நாலைந்து முறைக்கு ஒரு தடவை பேரிங்கைக் கழற்றி ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசி, முழுக்க உலர்த்தி, மறுபடி எண்ணெய். அரை மணி நேரம். விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து போய் வெயிலில் வாடித் திரும்பியவன் இதைத் தவறாமல் செய்வானா என்பதுதான் கேள்வி. முதல் மாதம் செய்வான்.

எண்ணெய் விஷயம்: பேரிங்குக்கு நல்ல தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் ஆகாது, பிசினாகிவிடும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், கூடவே கிரீஸையும் கரைத்துக்கொண்டு போகும், அதை உயவு எண்ணெயாக நம்ப வேண்டாம். கியருக்குப் படகுக்காரர்கள் பயன்படுத்துகிற நீர் புகாத கிரீஸ்.

கழுவும் தண்ணீரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேதாரண்யம், கோடியக்கரை, தரங்கம்பாடிப் பக்கம் கடலோரத்து போர்த் தண்ணீர் பல இடங்களில் தானே உப்பு. அதில் கழுவுவது கழுவாததற்குச் சமம். கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிற குழாயோ, மழைநீர் பிடித்து வைத்த குடமோ பாருங்கள். ஒரு ரீலுக்கு இரண்டு லிட்டர் தாராளம். வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால் ரீலுக்கும் கரிக்கும்.

பழுது என்று வந்தால், ஸ்பின்னிங்கின் ரோலர் பேரிங் இணையத்தில் கிடைக்கிற சாதாரண அளவுதான். பழைய பேரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொண்டு வாங்குங்கள். பெய்ட்காஸ்டர் நாக்கும் புழுத்தண்டும் அந்தந்த மாடலுக்கென்றே வருபவை. மாடல் நிறுத்தப்பட்டால் உதிரியும் நின்றுவிடும். கூரியரில் அனுப்பிக் காத்திருப்பதற்குள் பங்குனி போய்விடும்.

பெய்ட்காஸ்டர் ஜெயிக்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். முத்துப்பேட்டை அலையாத்தி வாய்க்காலில், வனத்துறை அனுமதி பெற்றுப் படகில் போகிறீர்கள். பதினைந்து மீட்டர் தூரத்தில் கிளைக்கு அடியில் ஒரு கையகல இடைவெளிக்குள் லூர் விழ வேண்டும். கொத்திய செப்பிலி அடுத்த நொடியே வேருக்குள் புகப் பார்க்கும். அங்கே கட்டைவிரலால் ஸ்பூலை அமுக்கி லூரை நினைத்த இடத்தில் நிறுத்துவதும், அதே விரலால் மீனை நிறுத்துவதும் ஸ்பின்னிங்கில் வராது. காற்றை மரம் தடுக்கிறது, லூரும் 15 கிராமுக்கு மேல், ஆகவே மேலே சொன்ன குறைகளில் இரண்டு அடிபட்டுப் போகின்றன. வாரம் தவறாமல் படகில் போகிறவருக்கு என் முடிவு பொருந்தாது, அவர் பெய்ட்காஸ்டர் வாங்குவதே நியாயம். பிரேக்கை மின்னணுவில் தானே சரிசெய்கிற விலை கூடிய வகை எதிர்காற்றிலும் சிக்கு விழாமல் வீசும். உப்புக்குள் ஒரு முழுப் பருவம் அதை ஓட்டிப் பார்க்காததால் பராமரிப்பில் அதற்குச் சான்றிதழ் தரமாட்டேன்.

மற்றபடி ஷட்டர் மடு, பாலம், கழிமுகக் கரை என்று நடந்து போகிறவருக்கு: 4000 அளவு ஸ்பின்னிங், எட்டடி மீடியம் ராட், 20 பவுண்ட் தாங்கும் பிரெய்டு (பின்னல் நூல்) 150 மீட்டர். அடியில் கொஞ்சம் தங்கூசி நரம்பு சுற்றிவிட்டுத்தான் பிரெய்டு ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மொத்தச் சுற்றும் ஸ்பூலில் வழுக்கும். விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். வழிய வழியச் சுற்றினால் ஸ்பின்னிங்கிலும் முடிச்சு விழும், அப்போது பழி ரீலின் மேல் வரும். வீசிய பிறகு பெயில் கம்பியைக் கையால் மூடி நூலை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். முன்னால் 40 பவுண்ட் லீடர் (முள்ளுக்கும் பிரெய்டுக்கும் இடையில் கட்டும் கனத்த நரம்பு) ஒரு முழம். கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி, வெறும் பிரெய்டு ஒரு உரசலில் போய்விடும். டிராக்கைக் கைத்தராசு மாட்டி இழுத்து இரண்டரை கிலோவில் வையுங்கள்.

மறுவிற்பனையில் பெரிய வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை, உப்பில் ஓடிய ரீலுக்கு இரண்டிலுமே விலை விழும். பழையது வாங்குவதானால் சோதனைதான் வேறு. ஸ்பின்னிங்கில் நூலை ரோலரின் மேல் போட்டு இழுங்கள். ரோலர் நிற்க நூல் மட்டும் வழுக்கினால் பேரிங் போய்விட்டது, அதைக் காட்டி விலை குறைத்து வாங்கலாம். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலைத் தட்டிச் சுழலவிட்டுக் காதருகே வையுங்கள், பிறகு கைப்பிடியை மெல்லச் சுற்றி லெவல்வைண்ட் இரண்டு ஓரத்திலும் திரும்புகிற கணத்தைப் பாருங்கள். அங்கே ஒரு தயக்கம் தெரிந்தால் நாக்கு தேய்ந்திருக்கிறது. அந்த மாடலுக்கு நாக்கு கிடைக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் காசை எடுக்காதீர்கள்.