ஹேட்ச் ஸ்லைடு மாற்றக் கொடுக்கிறீர்களா? 1,850 ரிங்கிட் போச்சு, உஷார்!

பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கவனிங்க. கம்பேனியன்வே ஹேட்ச், அதாவது கேபினுக்குள் இறங்கும் வாசலின் இழுப்பு மூடி, ஓடும் ஸ்லைடு பட்டை தேய்ந்துபோனதால், மெரினாவை ஒட்டிய ஒரு ஃபைபர் பட்டறையில் கொடுத்து 1,850 ரிங்கிட் பறிபோனது.

கேட்டது யுஎச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் என்ற, தேய்மானம் தாங்கும் வழுவழு பிளாஸ்டிக்கில் பட்டை இரண்டு: 12 மி.மீ. தடிமன், 60 செ.மீ. நீளம். பட்டறைக்காரர் ஒரு வெள்ளைப் பட்டையைக் கையில் கொடுத்து, "தொட்டுப் பாருங்க பாஸ், ஒரிஜினல் மெரைன் கிரேடு. பத்து வருசத்துக்குக் கவலையே வேணாம்" என்றார். வழவழவென்றுதான் இருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் முழுப் பணமும் முன்கூட்டியே கைமாறியது.

போட்டதோ நைலான்! வெயிலில் ஓடிய மூடி மழை பிடித்ததும் இறுகிவிட்டது. நைலான் தண்ணீரை இழுக்கும். முழுக்க ஊறினால் எடை 8, 9 சதவீதம்வரை கூடி, பட்டையே உப்பிவிடும். மலாக்கா நீரிணையில் விடியற்காலை 'சுமத்ரா' காற்று மழையோடு அறையும்போது ஹேட்ச் பாதியில் நின்றால் கேபின் கதி என்ன?

கழற்றிப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. திருகின் மரையில் ஈரமான பழுப்பு நார் சுற்றிக்கொண்டு வந்தது: டெக்கின் (மேல்தளத்தின்) உள்ளே வைத்திருக்கும் பால்சா மரத்தின் நார். அந்த மரத்தில் தண்ணீர் இறங்காமலிருக்க, துளையைப் பெரிதாக்கி, கெட்டி எபாக்ஸி பிசின் நிரப்பி, இறுகியபின் மறுபடி துளைப்பதுதான் முறை. இவர்கள் டெக்கில் நேரே திருகை ஏற்றியிருக்கிறார்கள். தலைகளும் பட்டைக்குள் புதையாமல் துருத்தி நின்று, ஹேட்சின் அடியில் இரண்டு நீளக் கோடு கிழித்துவிட்டன.

கேட்டால் முதலில் "மழைக்காலம்ல, ஓட ஓட சரியாயிடும் பாஸ்". அப்புறம் "சப்ளையர் மாத்தி அனுப்பிட்டான்". இப்போது வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான். 1,850 ரிங்கிட்டுக்கு ரசீதில் 'ஸ்லைடு வேலை' என்று இரண்டே வார்த்தை.

காசு கொடுக்குமுன் பட்டையில் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். பொருளின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்றால் விடாதீர்கள், பாலிஎத்திலீனில் பிடிக்காது. 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுதான் வேண்டும். சூட்டில் பட்டை நீளும் என்பதால் நடுத்துளை மட்டும் வட்டம், மற்றவை நீள்துளை. பாதிப் பணத்துக்கு மேல் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

டெக் உள்ளே எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று இனிமேல்தான் தட்டிப் பார்க்கவேண்டும். அந்தச் செலவு இந்த 1,850-இல் சேராது.