ஸ்பாம் ஃபில்டர் போட்டுத் தருகிறேன் என்று வந்தார், துபாய் ஆர்டர் போச்சு

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் வாசித்துவிடுங்கள். ஃபில்டர் போட வந்த ஆள் நாகர்கோவில், பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். (வெளியூர்க்காரர்களுக்கு: முந்திரி ஃபேக்டரியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) போஸ்ட்ஃபிக்ஸ் (மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருள்) போட்ட சின்ன சர்வர், பதினாலு மெயில் ஐடி. லாட்டரி, மாத்திரை, போலி இன்வாய்ஸ் என்று குப்பை தாங்காமல் கிடந்த நேரத்தில்தான் இவர் வந்தார். "ஏஐ ஃபில்டர் சார், ஒரு குப்பை உள்ளே வராது." வருஷத்துக்கு 18,000 ரூபாய். மறுநாளே இன்பாக்ஸ் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது, நானும் லாக்கை (சர்வர் தான் செய்வதை எல்லாம் எழுதி வைக்கும் பதிவு) திறந்து பார்க்காமல் சந்தோஷப்பட்டேன்.

மூன்றாவது வாரம் முதலாளி கூப்பிட்டார். "மக்கா, அந்த துபாய் பார்ட்டி டபிள்யூ 320 பருப்பு கேட்டு மூணு மெயில் போட்டானாம். நாம பதிலே சொல்லலைன்னு கொல்லத்துல சரக்கு எடுத்துட்டானாம்."

ஜங்க் ஃபோல்டரில் இல்லை. லாக்கில் இருந்தது. மூன்று மெயிலும் வந்திருக்கிறது, அனுப்பியவருக்கு 250 ஓகே என்று நம் சர்வரே பதிலும் சொல்லியிருக்கிறது, அதற்குப் பிறகு டிஸ்கார்ட். அதாவது வாங்கிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுக் கிழித்துப் போட்டிருக்கிறது, அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அந்த ஏஐயைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது இலவசமாகக் கிடைக்கிற ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பாம் ஃபில்டர். வழக்கமாக 5 மதிப்பெண் வந்தால்தான் அது ஸ்பாம் என்று சொல்லும், இவர் அதை 2 ஆக்கி வைத்திருக்கிறார். மெயில்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற பேயஸ் என்ற பகுதி 200 நல்ல மெயிலும் 200 ஸ்பாமும் பார்த்த பிறகுதான் வேலையே தொடங்கும். எங்களுடையது பார்த்திருந்த நல்ல மெயில் 11.

சத்தம் போட்டதும் "கோபப்படாதீங்க சார்" என்று ரிமோட்டில் வந்து ஸ்பாம் அனுப்பும் சர்வர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹாஸ் தடைப்பட்டியலைச் சேர்த்துவிட்டுப் போனார். அந்தப் பட்டியலை டிஎன்எஸ் (பெயரைக் கொடுத்தால் முகவரி தேடித் தரும் சேவை) வழியாகத்தான் கேட்க வேண்டும், எங்கள் சர்வரில் இருந்ததோ கூகுளின் பொது டிஎன்எஸ் 8.8.8.8. பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் பட்டியலைக் காட்டாது, 127.255.255.254 என்று ஒரு பிழைக்குறியீட்டைத்தான் அனுப்பும். எந்தக் குறியீடு வந்தால் தடுப்பது என்று எழுதி வைக்காவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் எந்தப் பதிலையும் 'பட்டியலில் இருக்கிறான்' என்றே எடுத்துக்கொள்ளும். பேங்க், ஆடிட்டர், லாரி ஆபீஸ், எல்லாருக்கும் 554, போ வெளியே. ஆனால் ஒன்று, இந்தத் தடவை அனுப்பியவர்கள் கைக்கே மெயில் திரும்பிப் போனதால் ஒரு மணி நேரத்தில் போன் அடித்துவிட்டது. முதல் கூத்து தெரியவர மூன்று வாரம் ஆனது.

அப்புறம் நானே உட்கார்ந்து சரி செய்தேன். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த டிஎன்எஸ் போட்டேன், பட்டியலில் இருந்து 127.0.0.2 முதல் 127.0.0.11 வரை வந்தால் மட்டும் தடை. ஸ்பாம் மதிப்பெண் 5 தாண்டினால் ஜங்க் ஃபோல்டர், 10 தாண்டினால் வாசலிலேயே 550 சொல்லித் திருப்புவது, டிஸ்கார்ட் எங்குமே கிடையாது. கிரேலிஸ்டிங் (புது ஆள் மெயிலை முதலில் திருப்பி, மறுபடி அனுப்பினால் வாங்குவது) போடவில்லை, ஓடிபி மெயில் எல்லாம் தாமதமாகிறது. தினம் நாலைந்து ஸ்பாம் வரத்தான் செய்கிறது, வரட்டும்.

பணத்தைக் கேட்டால் "அக்ரிமென்ட்ல ரீஃபண்ட் இல்லை சார்" என்கிறார். உங்களிடமும் யாராவது வந்தால், தடுத்த மெயில் எங்கே போகும் என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே லாக்கில் டிஸ்கார்ட் என்று தேடிப் பாருங்கள். சர்வரின் ரூட் (முழு அதிகார) பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், எங்களுடையது இரண்டு மாதமாக அவரிடம்தான் இருந்தது.