கூடை இல்லாத கடை: வூகாமர்ஸை உதிரிபாகப் பட்டியலாக ஓட்டிய ஆறு வருடம்

எங்கள் கடை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாருக்கான உதிரிபாகங்கள்தான் வியாபாரம். மோனோபிளாக், ஜெட், சப்மெர்சிபிள், கம்ப்ரசர் என எது மக்கர் செய்தாலும் சுற்றுவட்ட மெக்கானிக்குகள் இங்கேதான் வருவார்கள். எந்தச் சாமான் எந்த ரேக்கில் என்பது முழுக்க அப்பாவின் தலைக்குள் இருந்தது. 2019-இல் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி இரண்டு வாரம் வீட்டில் இருந்தபோது, ஒரே ஒரு ஷாஃப்ட் ஸ்லீவைத் தேடி நானும் கடைப் பையனும் முக்கால் மணி நேரம் அலைந்தோம். அது கல்லாவுக்கு மேலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டியல் போட வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

பில் போடும் மென்பொருளில் சாமான் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் படம் கிடையாது. கிணற்றடியில் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கும் மெக்கானிக் போனில் அதைத் திறந்து பார்க்கவும் முடியாது. புதிதாக எழுதித் தரக் கேட்டபோது சொன்ன தொகைக்கு ஒரு லோடு இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) இறக்கிவிடலாம். வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கும் வூகாமர்ஸ் என்ற இணையக் கடை மென்பொருள் பக்கம் போனது அப்படித்தான். 2011-இல் வந்த மென்பொருள், உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருப்பது, எந்தச் சிக்கலுக்கும் யாராவது ஒருவர் ஏற்கெனவே வழி கண்டுபிடித்திருப்பார். எங்களுக்குத் தேவை படம், பெயர், அளவு, தேடல். அது நாலும் அதில் இருந்தது. தேவையில்லாதது ஒன்றும் இருந்தது, விற்பனை.

விற்பனையை நிறுத்த எளிய வழி விலைக் கட்டத்தைக் காலியாக விடுவது. விலை இல்லாத பொருளைக் கூடையில் போட முடியாது, ‘மேலும் படிக்க’ என்ற பொத்தான் மட்டும் வரும். தனித்தனிப் பொருளுக்கு இது போதும். நான் இம்பெல்லர்களை ஒரே பொருளாக வைத்து அதற்குள் அளவுகளை வகைகளாகப் பிரித்திருந்தேன். வகைகளுக்கு விலை இல்லாவிட்டால் மொத்தப் பொருளும் இருப்பில் இல்லை என்று காட்டியது. ரேக் நிறையச் சரக்கு, திரையில் ஒன்றுமில்லை!

அடுத்த வழி கொஞ்சம் உள்ளே போவது. ஒரு பொருளைக் காட்டும் முன் ‘இதை வாங்க முடியுமா’ என்று வூகாமர்ஸ் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும். எப்போதும் ‘முடியாது’ என்று பதில் சொல்ல மூன்று வரி நிரல் போதும். விலையை மறைக்க இன்னும் மூன்று வரி. எங்கள் வசதிக்காக விலையை உள்ளே ஏற்றி, வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டோம். அந்த ஆறு வரியையும் நேராக தீம் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தொகுப்பு) கோப்பிலேயே எழுதிவைத்தது என் முட்டாள்தனம். 2022 கடைசியில் தீமைப் புதுப்பித்தபோது அவை துடைத்துப்போய், 2020-இல் ஏற்றிய விலைகள் ஊருக்கே தெரிந்தன. அந்த ஜூலையில்தான் தண்ணீர் பம்புகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருந்தது. காலையிலேயே ஒரு மெக்கானிக் வந்து போனை நீட்டினார். "தம்பி, இந்த வெலைதானுங்களே?" நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, "நம்ம போட்டதுதானே, குடுத்துரு" என்றார். அன்றைக்குக் கையை விட்டுப் போன காசில் பாடம் படித்து, அந்த வரிகளைத் தனி செருகுநிரலாக (பிளக்இன்) மாற்றிவிட்டேன். இப்போது கூடை இருந்த இடத்தில் வாட்ஸ்அப் பொத்தான் இருக்கிறது. தட்டினால் சாமானின் பெயரும் கோடும் (அதற்கு நாங்கள் வைத்த அடையாள எண்) செய்தியில் தானாக விழும்.

இந்த மென்பொருளில் எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது பண்புகள் என்ற பகுதி. துணிக்கடைக்காரர் நிறமும் சைஸும் போட வைத்திருக்கும் இடம் அது. பேரிங் என்றால் வேலை சுலபம். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர், எந்த நாட்டுக் கம்பெனி செய்தாலும் அதேதான். இம்பெல்லர் அப்படியில்லை. கோவையில் வார்ப்படம் போடும் சிறு பட்டறைகளிலிருந்து வருவதில் பாதிக்கு எண்ணே கிடையாது. அளவெடுத்துத்தான் அடையாளம் காண வேண்டும்: விட்டம், ஷாஃப்ட் துளை, கீ வழி அகலம், எத்தனை பிளேடு, வார்ப்பிரும்பா, கன்மெட்டல் என்ற வெண்கலமா, நோரில் என்ற பிளாஸ்டிக்கா. இதையெல்லாம் பண்புகளாக ஏற்றிய பிறகு, துளை 20, வார்ப்பிரும்பு என்று இரண்டு இடத்தில் டிக் அடித்தால் ஏழெட்டுப் படங்கள் மட்டும் மிஞ்சும். கையில் இருக்கும் பழைய இம்பெல்லரை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கெப்பாசிட்டரிலும் இது உதவியது. ஸ்டார்ட் கெப்பாசிட்டர் மோட்டார் கிளம்பும் சில நொடிக்கு மட்டும் வேலை செய்து விலகிக்கொள்ளும், ரன் கெப்பாசிட்டர் மோட்டார் ஓடும்வரை இணைப்பில் இருக்கும். ரன் இடத்தில் ஸ்டார்ட்டை மாட்டினால் சூடேறி வெடிக்கலாம். இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டிருந்த என்னை அப்பா திட்டிய திட்டில் அன்றே தனித்தனிப் பண்பாகப் பிரித்தேன்.

ஒரு எச்சரிக்கை. பொருளின் பக்கத்திலேயே தட்டச்சு செய்யும் பண்பு அந்தப் பொருளோடு நின்றுவிடும், டிக் அடித்துத் தேடும் வடிகட்டியில் வராது. பொதுப் பண்பாக முதலில் உருவாக்கிவிட்டுத்தான் பொருள்களில் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் முதல் முந்நூறு சாமான்களை ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பு வழியாகத் திருப்பி ஏற்றினேன். அந்தக் கோப்பை எக்செல்லில் அப்படியே திறந்து சேமித்தால் ‘12-3’ என்ற கோடு தேதியாகிவிடும். எல்லா நெடுவரிசையையும் எழுத்து என்று சொல்லித் திறப்பதுதான் பாதுகாப்பு. கோடு என்றதும் நினைவுக்கு வருகிறது: முதலில் ரேக் எண்ணையே கோடாக வைத்திருந்தோம். மழையில் பின்சுவர் ஓதம் அடித்து ரேக்கை இடம் மாற்றியபோது அத்தனை கோடும் பொய்யானது. இப்போது கோடு வெறும் வரிசை எண். ரேக் தனிக் கட்டத்தில், கடைக்காரர்களுக்கு மட்டும் தெரியும்.

இனி தேடல். ஆறு வருடத்தில் பாதி உழைப்பு இதற்குத்தான் போனது.

வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் தலைப்பு, சுருக்கம், விவரம் மூன்றையும்தான் பார்க்கும். கோடு எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. ரெலவான்சி என்ற செருகுநிரலைச் சேர்த்தோம். அது நாம் குறித்துக் கொடுக்கும் கட்டங்களையும் சேர்த்துத் தனி அட்டவணை போட்டுக்கொள்ளும். இயல்பாக மூன்று எழுத்துக்குக் குறைந்த சொல்லைச் சேர்க்காது என்பதால் 20, 25 என்ற அளவுகள் விடுபட்டன. அமைப்பில் அதைக் குறைத்தேன்.

அப்புறம் தமிழ். பழைய விலைப்பட்டியல் பாமினி என்ற பழைய முறைத் தமிழ் எழுத்துருவில் அடித்தது. அதை இன்றைய பொது முறையான யூனிகோடுக்கு மாற்றியபோது பல இடங்களில் ‘மோ’ என்பது ஒரே குறியாக இல்லாமல் ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ‘மோட்டார்’ என்று தேடினால் பாதிச் சாமான் வரும், பாதி வராது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு வரி நிரலில் அது தீர்ந்தது.

அதைவிட வேடிக்கை புள்ளி. ‘மோட்டார்’ என்று பட்டியலில் இருக்கிறது, ஒருவர் ‘மோட்டாருக்கு சீல்’ என்று தேடுகிறார். சொல்லின் தொடக்கத்தை வைத்துப் பொருத்தினால் கிடைத்துவிடும் என்று நினைப்போம். ஆனால் ‘ர்’ என்பதில் புள்ளி, ‘ரு’ என்பதில் உகரக் குறி, அந்த இடத்திலேயே ஒட்டாமல் போகிறது. கல்லூரியில் படிக்கும் சித்தப்பா மகள் இதற்கு ஒரு சின்ன வேலை செய்துகொடுத்தாள்: தேடல் சொல்லின் கடைசியில் ‘உக்கு’, ‘ஓட’ மாதிரி வருவதை வெட்டிவிட்டு, கடைசிப் புள்ளியையும் எடுத்துவிட்டுத் தேடுவது. இலக்கண வாத்தியார் பார்த்தால் அடிப்பார், எங்கள் சரக்குக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட உதவியது தேடல் பதிவேடு. யார் என்ன தேடினார்கள், எதற்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை ரெலவான்சி எழுதிவைக்கும். நான் ‘ஃபுட் வால்வு’ என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். ஊரில் தேடியது ‘புட்வால்’. கெப்பாசிட்டரை ஒருவரும் அப்படித் தேடவில்லை, எல்லோருக்கும் அது ‘கண்டன்சர்’. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. அதனால் ஒவ்வொரு சாமானுக்கும் ‘கடைப்பேச்சு’ என்று ஒரு மறைவான கட்டம் வைத்தேன். வாரம் ஒருமுறை பதிவேட்டைத் திறந்து, கிடைக்காமல் போன சொற்களை அதில் சேர்ப்பேன். கம்பெனிக்காரர் வைத்த பெயரை எழுதிய வரை பட்டியல் எனக்கு மட்டும் பயன்பட்டது. கவுண்டரில் கேட்கும் பெயரை எழுதிய பிறகுதான் மெக்கானிக்குகள் திறக்க ஆரம்பித்தார்கள்.

படம் எடுப்பதைப் பற்றி ஒன்று மட்டும். சாமானுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வைத்து எடுங்கள், வேறெந்த அலங்காரமும் வேண்டாம். ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் பல அளவுகளில் நகல் எடுக்கும் என்பதால் பகிர்வு ஹோஸ்டிங்கில் (பல தளங்கள் சேர்ந்து இருக்கும் வாடகை சர்வர்) கோப்பு எண்ணிக்கை வரம்பு ஒரு நாள் நிரம்பிவிட்டது. தேவையில்லாத அளவுகளை நிறுத்திய பிறகு மூச்சு வந்தது. இருப்பு எண்ணிக்கையை இதில் பராமரிக்கும் ஆசையை நாலாவது மாதமே விட்டுவிட்டோம். பில் ஒரு இடத்தில், இருப்பு இன்னொரு இடத்தில் என்றால் இரண்டும் பொய் சொல்லும். ‘இருக்கு’, ‘சொன்னால் வரவழைக்கலாம்’ என்ற இரண்டு நிலைதான் இப்போது.

நூலகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தானும் இதைப் போடலாமா என்று கேட்டார். இரவல் கொடுத்துத் திருப்பி வாங்கும் இடத்துக்கு கோஹா என்ற நூலக மென்பொருள் இருக்கும்போது எதற்கு இது என்றேன். கடைச் சாமான், அச்சக மாதிரிகள், வாடகைப் பாத்திரம் மாதிரி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சரக்கு என்றால் யோசிக்காமல் போடலாம். புதுப்பிப்புகளைப் பார்த்துக்கொள்ள மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலை ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரப் பதிவேட்டில் யாரோ மூன்று முறை ‘தவளை மூடி’ என்று தேடியிருக்கிறார், மூன்று முறையும் ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து யோசித்துவிட்டு, "நம்ம பக்கத்துப் பேச்சு மாதிரித் தெரியலயே" என்றார். ஆனைமலைப் பக்கமிருந்து வரும் மெக்கானிக் அண்ணன் திங்கட்கிழமை சீல் வாங்க வருவார். அவரிடம் கேட்கத் துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாவில் ஒட்டிவைத்திருக்கிறேன்.