வடசேரி ராக்கொடி: அலுவலகக் கொண்டையில் ஆறு மாதங்கள்

பரதநாட்டிய மேடையிலும் மணவறையிலும் மட்டுமே பார்த்துப் பழகிய ராக்கொடியை, அதாவது பின்தலையில் கொண்டையின் மேல் வைக்கும் வட்டமான தலையணியை, பருத்திப் புடவையோடும் குர்தாவோடும் அன்றாடம் வேலைக்கு அணிந்து செல்ல முடியுமா என்ற கேள்வி எனக்கு வெகுநாட்களாக இருந்தது. சென்ற ஆண்டு நாகர்கோவிலுக்குச் சென்றபோது, கோயில் நகை வேலைப்பாட்டுக்குப் பெயர் பெற்ற வடசேரியில் ஒரு சிறிய பட்டறையில் வெள்ளியில் செய்த ராக்கொடி ஒன்றும், கொண்டையில் திருகி வைக்கும் பூ வடிவ அணியான திருகுப்பூ ஒன்றும் சொல்லிச் செய்து வாங்கினேன். அதற்குச் சில மாதங்கள் முன்னதாக இணையத்தில் வாங்கிய பித்தளைச் சந்திரப்பிறை (வகிட்டின் பக்கத்தில் வைக்கும் பிறை வடிவ அணி) ஒன்றும் என்னிடம் இருந்தது. மூன்றையும் மாற்றி மாற்றி ஆறு மாதங்கள் அணிந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பட்டறையில் இருந்த பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “மேடைக்கா மக்களே, வீட்டுக்கா?” என்பதுதான். அந்த ஒரு கேள்வியிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. மேடைக்குரிய ராக்கொடி கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதால் உள்ளங்கை அகலத்துக்குச் செய்யப்படுகிறது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஜடைநாகம், குஞ்சலம் என்று தலைசாமான் முழுவதோடும் சேர்ந்து நிற்கும்போதுதான் அதற்கு அழகு. அதை மட்டும் தனியே எடுத்து ஒரு சாதாரணக் கொண்டையில் வைத்தால், பாதி ஒப்பனையில் எழுந்து வந்தவரைப் போலத் தோன்றும். ஆகவே நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில், நடுவில் அன்னமும் சுற்றிலும் இரண்டு வரிசைக் கெம்புக் கற்களும் (சிவப்புக் கற்கள்) போதும் என்றும், ஓரத்து முத்துக்கள் வேண்டாம் என்றும் சொன்னேன். முத்துக்களை விட்டுவிட அவருக்கு மனமில்லை. ஆனாலும் என் விருப்பப்படியே செய்து தந்தார். எடை 24 கிராம்.

வேலைப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வெள்ளித் தகட்டில் அறை அறையாகக் கூடு கட்டி, அதற்குள் அரக்கை நிரப்பி, அது இளகியிருக்கும்போதே கல்லை அழுத்தி உட்கார வைத்து, கல்லின் விளிம்பைச் சுற்றித் மெல்லிய தங்கத் தகடான ரேக்கைப் பதித்துத் தேய்க்கிறார்கள். ஒரு காலத்தில் மாணிக்கம் பதித்த இடத்தில் இன்று பெரும்பாலும் செயற்கைக் கெம்புக் கற்களே இருக்கின்றன, என்னுடையதும் அப்படித்தான். இருந்தாலும், பட்டை தீட்டாமல் வழவழவென்று விட்ட அந்தக் கல்லின் சிவப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்காமல் உள்ளேயே வைத்துக்கொள்வதால், அலுவலகத்தின் வெள்ளை விளக்கின் கீழும் கண்ணைப் பறிக்காமல் ஆழ்ந்து தெரிகிறது. பித்தளைச் சந்திரப்பிறையில் இருப்பது மினுமினுக்கும் கண்ணாடிக் கல்; புகைப்படத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது, கையில் எடுத்தவுடன் தெரிந்துவிடும்.

ஆனால் நகையின் முகத்தை மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது என்பதே இந்த ஆறு மாதங்களில் நான் கற்றுக்கொண்டது. திருப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். என் ராக்கொடியின் பின்புறத்தில் நான்கு சிறு வளையங்கள் பற்றுவைத்துச் சேர்க்கப்பட்டுள்ளன. நடனத்துக்கு அவற்றில் கருப்பு நூலைக் கோத்து இறுக்கிக் கட்டுவார்கள். நாள்தோறும் அப்படிக் கட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், மேல் வளையங்கள் இரண்டிலும் தலா ஒரு கொண்டை ஊசியைக் குறுக்காகச் செலுத்திக் கொண்டைக்குள் ஏற்றிவிடுகிறேன். அரை நிமிட வேலை. காலை ஒன்பது மணிக்கு வைத்தது மாலை ஏழு மணி வரை அசைவதில்லை. இதற்கு மாறாக, சந்திரப்பிறையின் பின்னால் இருந்தது மெல்லிய கம்பிக் கொக்கி ஒன்றே. அதன் முனையைக்கூடத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நான்கைந்து முடிகளைச் சேர்த்துப் பிடுங்கியது, மூன்றாவது வாரத்தில் ஒடிந்தும் போனது. அந்தக் கொக்கியை எடுத்துவிட்டு ஒரு சாதாரண ஹேர் கிளிப்பின் மேல் நூலால் கட்டிய பிறகுதான் அது பயன்பாட்டுக்கு வந்தது. வகிட்டின் இடப்புறத்தில் தனியாக ஒரு பிறை மட்டும் வைத்துக்கொண்டால், தோள்வரை வெட்டிய முடிக்குக்கூட மிக அழகாகப் பொருந்துகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றில் என் மனத்துக்கு நெருங்கியது திருகுப்பூதான். பூவின் அடியில் சுருள் கம்பி. கொண்டையில் வைத்துத் திருகினால் அதுவே முடியைப் பற்றிக்கொண்டு உள்ளே இறங்கிவிடுகிறது. ஊசி வேண்டாம், நூல் வேண்டாம். ஒன்பது கிராம்தான் என்பதால் தலையில் இருப்பதே மறந்துவிடுகிறது. இந்தச் சுருளைக் கண்டுபிடித்த கைக்கு நான் உண்மையாகவே நன்றி சொல்கிறேன். அடர்த்தியில்லாத முடியில் மட்டும் அது வழுக்கும். அப்படிப்பட்டவர்கள் சிறிய சவுரி (பொய்முடி) ஒன்றை உள்ளே வைத்துக் கொண்டை போட்டுக்கொண்டால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இருசக்கர வண்டியில் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராக்கொடிக்குரிய இடம் பின்னுச்சி. அங்கே அதை வைத்துக்கொண்டு ஹெல்மெட் அணியவே முடியாது. நான் கழுத்தருகே தாழ்வாகக் கொண்டை போட்டு, ராக்கொடியைச் சுருக்குப் பையில் எடுத்துச் சென்று, அலுவலகம் சேர்ந்த பிறகே வைத்துக்கொள்கிறேன். தலை சாய்க்கும் உயரமான நாற்காலியிலும் காரின் பின் இருக்கையிலும் அது அழுத்துவதால், நடுவில் வைக்காமல் வலப்புறமாகச் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது. மரபு பிசகுகிறதே என்று முதலில் தயங்கினேன். ஆனால் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், தெய்வ உத்தி, வலம்புரி, தொய்யகம், புல்லகம் என்று கூந்தல் நிறைய அணிந்துகொண்டு மாதவி புறப்படுவது அரங்குக்கு அல்ல, கோவலனோடு கடற்கரைக்கு. வெளியே போகும்போது தலைக்கு அணிவது நமக்குப் புதிய வழக்கமில்லை என்று அதை நினைத்தவுடன் தயக்கம் போய்விட்டது.

ஆடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ராக்கொடி வைக்கும் நாளில் கழுத்திலும் காதிலும் கெம்பு கூடாது. சிறிய தங்கத் தோடு போதும். அகலக் கரையிட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையோடும், வேலைப்பாடே இல்லாத வெள்ளை லினன் குர்தாவோடும் ஒன்றுபோலவே பொருந்தியது. பட்டுப்புடவையோடு அணிந்த அன்று மட்டும், “யாருக்குக் கல்யாணம்?” என்று மூன்று பேர் கேட்டார்கள்.

குறைகளும் உண்டு. நான்காவது மாதத்தில் ஓரத்துக் கல் ஒன்று விழுந்துவிட்டது. அதற்குப் பட்டறையைவிட என்னைத்தான் சொல்ல வேண்டும். மே மாத வெயிலில் நிறுத்தியிருந்த காருக்குள் பையோடு விட்டுவிட்டேன், சூட்டில் அரக்கு இளகிவிட்டது. தேங்காயெண்ணெய் தேய்த்த தலையிலும் ஈரத்தலையிலும் இதை வைக்கக் கூடாது. எண்ணெயும் நீரும் கல்லுக்கு அடியில் இறங்கினால் நிறம் மங்கும். தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரத்தைக் கொண்டையைச் சுற்றி வைக்கும் நாட்களிலும், சரத்தை உதறிக் காயவைத்த பிறகே நடுவில் ராக்கொடியை வைக்கிறேன். இவ்வளவு பக்குவம் பார்க்க நேரமில்லாதவர்களுக்கு வெள்ளி வேலையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ராக்கொடிக்கு 8,400 ரூபாயும் திருகுப்பூவுக்கு 3,200 ரூபாயும் கொடுத்தேன். பித்தளைப் பிறை 550 ரூபாய்தான். அதன் முலாம் இப்போதே விளிம்பில் வெளுத்துவிட்டது, மீண்டும் முலாம் பூசும் கூலியில் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம். விழுந்த கல்லைப் பட்டறையிலேயே திரும்பப் பதித்துத் தந்தார்கள், கூலி 150 ரூபாய். புதிதாகத் தொடங்குபவர் ஒன்றே ஒன்று வாங்குவதானால் திருகுப்பூவை வாங்கலாம். அடுத்த முறை வடசேரிக்குப் போகும்போது வெள்ளியிலேயே ஒரு சந்திரப்பிறை செய்யச் சொல்லப்போகிறேன். பின்னால் கொக்கி வேண்டாம், கிளிப் நுழையும் அளவுக்கு இரண்டு தட்டையான வளையங்கள் வேண்டும் என்று தாளில் வரைந்து பணப்பையில் வைத்திருக்கிறேன்.