குத்தாயிசியில இருந்து காட்ஸ்கி ஒரு நாள் டூர்: தூணை விட அந்தக் கோயில்தான்

ஜார்ஜியா போறவங்க காட்ஸ்கி தூண் போட்டோ கண்டிப்பா பாத்திருப்பீங்க, 40 மீட்டர் உசர ஒத்தைப் பாறை, அதோட தலையில குட்டியா ஒரு சர்ச். நானும் அதுக்காகத்தான் குத்தாயிசியில ஒரு டிரைவர் கம் கைடை காரோட ஒரு நாளைக்குப் புடிச்சேன். ஏற்கனவே இன்னொரு கம்பெனி குரூப் டூர்ல போய் தூணுக்கு முன்னாடி இறக்கி விட்டு, போட்டோ எடுங்க கிளம்பலாம்னு விரட்டினாங்க, அந்தக் கடுப்புல இந்தத் தடவ தனியா புக் பண்ணேன்.

இவர் தூணை முடிச்சுட்டு, அதே ஊர்ல இருக்கிற காட்ஸ்கி மடத்துக்குக் கூட்டிட்டுப் போனார். 988க்கும் 1014க்கும் நடுவுல பாக்வாஷி குடும்பத்து ராதி கட்டின கோயில், வெளிய இருந்து பாத்தா பல மூலையோட மூணு அடுக்கா கல்லுல செஞ்ச கிரீடம் மாதிரி நிக்குது. அங்கதான் லிபாரித் பாக்வாஷியோட கதைய ஆரம்பிச்சார், எனக்கு அந்தப் பேரே அதுவரைக்கும் தெரியாது.

லிபாரித், க்ல்தெகாரி கோட்டையோட எரிஸ்தாவி, அதாவது அந்தப் பகுதிய ஆண்ட பிரபு. 1027ல பக்ராத் சின்னப் பையனா ராஜா ஆனப்போ படையெல்லாம் இவர் கையிலதான். 1038ல இருந்து கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் திபிலிசிய முற்றுகை போட்டு ஊர் விழப்போற நேரத்துல, லிபாரித் இன்னும் பெரிய ஆளாயிடுவார்னு பயந்த மத்த பிரபுக்கள் பேச்சக் கேட்டு ராஜா, திபிலிசிய ஆண்ட முஸ்லிம் எமீரோட சமாதானம் ஆயிட்டார். அதுல மனசு உடைஞ்ச மனுஷன் ராஜாவோட மாற்றாந்தாய் பெத்த தம்பி தெமெத்ரேவ பைசாந்தியத்துல (கிழக்கு ரோமப் பேரரசு) இருந்து வரவழைச்சு சண்டைக்கே போயிட்டார், சசிரெத்தியில ராஜா பக்கம் ஸ்காண்டிநேவியா பக்கத்து வரங்கியர் வீரர்கள் நின்னும் ஜெயிச்சது இவர்தான்.

கைடு கார் பானெட் மேல இருந்த தூசில விரலால மேப் வரைஞ்சு காட்டினார், இது திபிலிசி, இது க்ல்தெகாரி, இது கபெத்ரோன்னு. 1048ல, இப்ப துருக்கியில இருக்கிற கபெத்ரோன்ல, பைசாந்தியம் பக்கம் நின்னு செல்ஜுக் துருக்கியரோட சண்டை போட்டு மாட்டிக்கிட்டார். பைசாந்தியப் பேரரசர் மீட்புப் பணம் அனுப்ப, செல்ஜுக் சுல்தான் துக்ரில் அந்தப் பணத்த லிபாரித் கையிலயே குடுத்து விடுதலை பண்ணிட்டார்னு சொன்னப்போ எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கடைசியில சொந்த நாட்டு பிரபுக்களே புடிச்சு ராஜாகிட்ட ஒப்படைக்க, அந்தோன்ங்கிற பேர்ல துறவியாக்கப்பட்டு கான்ஸ்டான்டிநோபிள்ல செத்தார், உடம்பக் கொண்டு வந்து இந்த குடும்பக் கோயில்லதான் அடக்கம் பண்ணாங்க.

இவ்ளோ ஆட்டம் ஆடின மனுஷன் படுத்திருக்கிற எடத்துல நாங்க ரெண்டு பேர் மட்டும் நின்னோம். நிமிந்து பாத்தா, வாசல் கூரையில நாலு தேவதைங்க சிலுவைய மேல தூக்கிட்டுப் போற கல் சிற்பம், எவ்ளோ நேரம் பாத்தேன்னே தெரியல.

5க்கு 4. ஒரு ஸ்டார் கொறைச்சது, கிளம்ப லேட் பண்ணி, பக்கத்துல இருக்கிற சுரங்க ஊர் சியாதுராவ கார்ல இருந்தே காட்டிட்டார், அங்க ரோப் கார்ல ஏறணும்னு ஆசைப்பட்டேன். புக் பண்றவங்க முன்கூட்டியே "தூண் மட்டும் இல்ல, மடமும் வேணும்"னு தெளிவா சொல்லிடுங்க. தூண் மேல ஏற விடமாட்டாங்க, கீழ இருந்து பாக்க அரை மணி நேரம் போதும், மிச்ச நேரத்த மடத்துக்குக் குடுங்க.