மீடியா சென்டருக்குப் பிறகு: ஹோம் தியேட்டர் கணினிக்குக் கோடியா, பிளெக்ஸா, ஜெல்லிஃபினா?

2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10க்கு மாறியவர்களில், தொலைக்காட்சியோடு கணினியை இணைத்து வைத்திருந்தவர்களுக்கு அந்த மாற்றம் பேரிழப்பாக முடிந்தது. விண்டோஸ் மீடியா சென்டர் புதிய இயங்குதளத்தில் இடம்பெறவில்லை என்பதோடு நிற்காமல், பழைய விண்டோஸிலிருந்து மேம்படுத்தியவர்களின் கணினியில் ஏற்கெனவே இருந்ததும் நீக்கப்பட்டது. 2002இல் விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பாகத் தொடங்கி விண்டோஸ் 7இல் முதிர்ச்சி அடைந்த, கணினியில் படம் பார்க்கவும் தொலைக்காட்சியைப் பதிவு செய்யவும் உதவிய மென்பொருள் அது. விண்டோஸ் 8இல் அதைத் தனியாக 9.99 டாலருக்கு வாங்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வைத்தபோதே அதன் எதிர்காலம் ஓரளவு தெரிந்துவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் கேபிள் இணைப்பைக் கணினி வழியே பதிவு செய்து பார்த்தவர்கள் கடைசிவரை அதை விடவில்லை. அவர்களுக்கு அதே வேலையைச் செய்யும் வேறு மென்பொருள் இல்லை என்பதே காரணம்.

ஒரு பிளேயருக்கான ஆதரவு நின்றுவிட்டால் அன்றைக்கே படம் ஓடாமல் போவதில்லை. பிளேயரைச் சுற்றியுள்ளவைதான் ஒவ்வொன்றாகக் கழன்று போகின்றன: நிகழ்ச்சி அட்டவணை, உரிமப் பூட்டின் திறவுகோல், கூடுதல் வசதி தரும் துணைநிரல்கள், பல ஆண்டுகளாகச் சேர்த்த நூலகக் குறிப்புகள். ஆகவே மாற்று மென்பொருள்களை ஒப்பிடும்போது, எது அழகாக இருக்கிறது என்பதைவிட, அதை உருவாக்கியவர்கள் விலகிப்போனால் நம் கையில் எது மிஞ்சும் என்பதையே முதல் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படத்தின் தரமும் வீட்டில் உள்ளவர்களின் வசதியும் அதற்கு அடுத்தவை.

பழையதையே வைத்துக்கொள்வதும் ஒரு வழிதான். பலர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14 அன்று நின்றன. அதே மாதத்தில் மீடியா சென்டருக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த நிகழ்ச்சி அட்டவணையும் நின்றது. அட்டவணை இல்லாவிட்டால் ஒரு தொடரை அது வரும்போதெல்லாம் தானாகப் பதிவு செய்யும் வசதிக்குப் பொருளில்லை. அப்போது கைகொடுத்தது இபிஜி123 என்ற இலவசக் கருவி. ஷெட்யூல்ஸ் டைரக்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டி, அதன் அட்டவணையை மீடியா சென்டருக்குள் இறக்கிக்கொள்ள அது உதவுகிறது. மிகச் சிறப்பான முயற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் அட்டவணைக்கு இணைய இணைப்பு வேண்டும், பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத இயங்குதளத்தை இணையத்தில் விடவும் கூடாது என்ற முரண்பாட்டை அது தீர்க்கவில்லை.

இதைவிடக் கடினமான முடிச்சு கேபிள்கார்டு, அதாவது கேபிள் சேனல்களின் பூட்டைத் திறக்கக் கேபிள் நிறுவனம் தரும் அட்டை. ஒரு முறை மட்டும் நகலெடுக்கலாம் என்ற குறியோடு வரும் கேபிள் சேனல்களைக் கணினியில் பதிவு செய்ய அனுமதி பெற்றிருந்த மென்பொருள் மீடியா சென்டர் மட்டுமே. அப்படிப் பதிவான கோப்பு அந்தக் கணினியின் அந்த விண்டோஸ் நிறுவலோடு பூட்டப்பட்டிருக்கும். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கோப்பு அங்கே தெரியும், அதன் அளவும் தெரியும், ஆனால் ஓடாது. தடையற்ற நகல் என்ற குறியோடு வந்த நிகழ்ச்சிக்கோ இந்தத் தொல்லை இல்லை. மீடியா சென்டரின் பதிவு வடிவமான அதே டபிள்யூடிவி வகைக் கோப்பை வேறு பிளேயரில் ஓட்டலாம், வேறு வடிவத்துக்கும் மாற்றலாம். கோப்புறையில் அருகருகே கிடக்கும் இரண்டு பதிவுகளில் ஒன்று நமக்குச் சொந்தம், மற்றொன்று அந்தக் கணினி உயிரோடு இருக்கும்வரை மட்டும் நம்முடையது. கேபிள் நிறுவனங்கள் இந்த அட்டைகளுக்கு ஆதரவளிக்க வேண்டும் என்ற விதிகளை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2020இல் விலக்கிக்கொண்டதால், இந்த வழி இனி குறுகிக்கொண்டே போகும். ஆன்டெனா வழியே பார்ப்பவர்களுக்கு நிலைமை எவ்வளவோ மேல். ஆன்டெனா சிக்னலை வீட்டு வலையமைப்பு வழியே கணினிக்கு அனுப்பும் ஹெச்டிஹோம்ரன் போன்ற ட்யூனர் ஒன்று இருந்தால், கீழே பேசப்படும் மென்பொருள்கள் எல்லாவற்றோடும் ஏதோவொரு வகையில் அதை இணைக்கலாம்.

இனி மாற்றுகள். கோடியும் பிளெக்ஸும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பழைய எக்ஸ்பாக்ஸ் கருவிக்காகத் தன்னார்வலர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி 2014இல் கோடி என்று பெயர் மாறியது; அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் நிரல்மூலத்தை எடுத்து மேக் கணினிக்காக வளர்த்தவர்கள் பிளெக்ஸை உருவாக்கினார்கள். பாதைகள் பிரிந்தபின் இரண்டின் இயல்பும் வேறாகிவிட்டது. கோடி லாப நோக்கற்ற அறக்கட்டளை ஒன்றின் கீழ் இயங்கும், நிரலை யாரும் பார்த்து மாற்றக்கூடிய திறந்த மூல மென்பொருள். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இணையம் இல்லாவிட்டாலும் நம் வன்தட்டில் இருப்பது ஓடும். பிளெக்ஸ் ஒரு நிறுவனத்தின் பொருள். வீட்டில் படங்களை வைத்திருந்து அனுப்பும் ஒரு சர்வரும் ஒவ்வொரு திரையிலும் ஒரு செயலியுமாக அமைந்தது; உள்நுழைவு அந்நிறுவனத்தின் கணக்கு வழியாகவே நடக்கிறது.

ஹோம் தியேட்டர் கணினி வைத்திருப்போர் பிளெக்ஸோடு அடைந்த அனுபவம் இந்த ஒப்பீட்டில் முக்கியமானது. 2015இல் வெளிவந்த பிளெக்ஸ் மீடியா பிளேயர், எம்பிவி என்ற திறந்த மூலப் பிளேயரை அடிப்படையாகக் கொண்டு, பெரிய திரைக்கென்றே வடிவமைக்கப்பட்டிருந்தது. 2019இல் அதற்குப் பதிலாக மேசைக் கணினிக்கான புதிய செயலியை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. மேசையில் உட்கார்ந்து சுட்டியால் இயக்குபவருக்கு அது போதும். சோஃபாவில் ரிமோட்டோடு அமர்ந்திருப்பவருக்குப் போதாது. ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவருக்கு ஒலியைப் பிரிக்காமல் அப்படியே அனுப்புவதும், படத்துக்கேற்பத் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றுவதும் அதில் இல்லாமற்போயின.

இரண்டாவது குறை எவ்வளவு பெரிது என்பதை ஒரு காட்சியை வைத்தே காணலாம். திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் (தனித்தனிப் படங்கள்) என்ற கணக்கில், நடைமுறையில் பெரும்பாலும் 23.976 என்ற வீதத்தில் வட்டில் இருக்கிறது. திரை நொடிக்கு 60 முறை புதுப்பித்தால், ஒரு சட்டம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறிக் காட்டப்படும். கேமரா ஒரு மலைச்சரிவின் மேல் மெதுவாக இடமிருந்து வலமாக நகரும் காட்சியில் மரங்கள் வழுக்கிச் செல்லாமல் சின்னச் சின்னதாகத் துள்ளித் துள்ளிப் போவதற்கு அதுவே காரணம். கோடியின் அமைப்புகளில் ஒரே ஒரு தெரிவை மாற்றினால், படம் தொடங்கும்போது தொலைக்காட்சி 23.976க்குத் தானாக மாறி, முடிந்ததும் பழையபடி 60க்குத் திரும்பிவிடுகிறது. பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகு பெரிய திரைக்கான தனிச் செயலி ஒன்றைப் பிளெக்ஸ் மீண்டும் கொண்டுவந்தது என்பது உண்மை, வரவேற்கத் தக்கதும்கூட. ஆனால் ஒரு முறை கைவிடப்பட்ட பிரிவினர் அந்தச் செயலி எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்பதில் தவறில்லை. துணைநிரல்களுக்கான வசதியும் 2018இல் இதேபோல் விலக்கிக்கொள்ளப்பட்டது.

விலையும் கவனிக்க வேண்டியது. பிளெக்ஸின் வாழ்நாள் சந்தா 2025 ஏப்ரல் இறுதியில் 119.99 டாலரிலிருந்து 249.99 டாலராக உயர்ந்தது. வீட்டுக்கு வெளியிலிருந்து சொந்த நூலகத்தைப் பார்ப்பதும் அப்போதே கட்டண வசதியானது. இவ்வளவுக்கும் பிறகும், தொழில்நுட்பத்தில் ஆர்வமில்லாத பெற்றோருக்கு எதை அமைத்துக் கொடுப்பது என்று கேட்டால் பிளெக்ஸைத் தள்ளிவிட முடியாது. ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் தொலைக்காட்சிகளிலும் அதன் செயலி உண்டு, நிறுவுவதும் எளிது. கோடியில் ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு நூலகத்தை வைத்துக்கொள்கிறது. இரண்டு அறைகளில் ஒரே நூலகம் வேண்டுமானால் தரவுத்தளச் சர்வர் ஒன்றை நாமே நிறுவ வேண்டும். 2021இல் வந்த 19ஆம் பதிப்பு பைத்தான் 3 நிரல்மொழிக்கு மாறியபோது பராமரிப்பாளர் இல்லாத துணைநிரல்கள் பல செயலற்றுப் போனதையும் மறைக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியைப் பதிவு செய்யக் கோடியால் தனித்து முடியாது. நெக்ஸ்ட்பிவிஆர், டிவிஹெட்எண்ட் போன்று பதிவு வேலையைச் செய்யும் பின்தளம் ஒன்று தேவை.

ஜெல்லிஃபினின் கதை மீடியா சென்டரிலேயே தொடங்குகிறது. மீடியா சென்டருக்குள் படங்களை அழகாக அடுக்கிக் காட்டும் துணைநிரலாகப் பிறந்த மீடியா பிரவுசர், பின்னர் தனிச் சர்வராகி எம்பி எனப் பெயர் பெற்றது. 2018இல் எம்பி தன் நிரல்மூலத்தை மூடியபோது, அதுவரை திறந்திருந்த பதிப்பிலிருந்து தன்னார்வலர்கள் கிளைத்தெடுத்ததே ஜெல்லிஃபின். பிளெக்ஸ் கைவிட்ட மீடியா பிளேயரின் நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால், அதையே அடித்தளமாக்கி ஜெல்லிஃபின் தன் கணினிப் பிளேயரை அமைத்துக்கொண்டது. ஒரு நிறுவனம் கீழே வைத்ததை இன்னொரு குழு எடுத்து ஓட்ட முடிந்தது உரிமத்தினால்தான். 2017இல் வளர்ச்சி நிறுத்தப்பட்ட எம்பிசி-ஹெச்சி பிளேயர் வேறொருவர் கையில் இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருவதும் இதே காரணத்தால். மீடியா சென்டருக்கு அப்படி ஒரு மறுவாழ்வு கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதன் மூடிய நிரல். விருப்பமுள்ளவர்கள் இல்லாததால் அல்ல.

ஜெல்லிஃபினில் படத்தைத் திரைக்கேற்ற வடிவத்துக்கு மாற்றும் வன்பொருள் வழி உருமாற்றம், நேரலைத் தொலைக்காட்சி, பதிவு எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பிளெக்ஸிலும் எம்பியிலும் அவை பெரும்பாலும் சந்தாதாரருக்கே. குறைகளும் உண்டு. ஸ்மார்ட் தொலைக்காட்சிகளுக்கான செயலிகளின் தரம் ஒரே சீராக இல்லை. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் போன்ற ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். எம்பி பிளெக்ஸுக்கும் ஜெல்லிஃபினுக்கும் நடுவில் நிற்கிறது. ஜெல்லிஃபினைவிட மெருகு அதிகம்தான், ஆனால் ஒரு முறை மூடிய கதவு அது என்பதால் என் பரிந்துரையில் அதற்கு முன்னிடம் இல்லை.

4கே புளூ-ரே வட்டுகளைக் கணினியில் நேரடியாக ஓட்ட விரும்புவோர் நிலைதான் வருத்தத்துக்குரியது. அதற்கான பவர்டிவிடி மென்பொருளுக்கு இன்டெல் நுண்செயலிகளில் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புக் கூறு தேவை. 11ஆம் தலைமுறை மேசைக் கணினி நுண்செயலிகளிலிருந்து இன்டெல் அதை நீக்கிவிட்டது. ஆகவே 7ஆம் தலைமுறை முதல் 10ஆம் தலைமுறை வரையான கணினிகளே இதற்குப் பொருந்தும். அவற்றில் 7ஆம் தலைமுறையைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கிய வட்டு, முழு விலை கொடுத்து வாங்கிய மென்பொருள், இரண்டும் கையில் இருந்தும் புதிய கணினியில் படம் ஓடாது. இந்தத் தேவைக்குக் கணினியை விட்டுவிட்டுத் தனி 4கே புளூ-ரே பிளேயர் வாங்குவதே சிக்கனம்.

மற்றபடி, ஒரே அறை, நல்ல ரிசீவர், படத்தின் தரத்தில் சமரசமில்லை என்பவர்களுக்குக் கோடி. பல அறைகள், பல கருவிகள், அமைத்துப் பராமரிக்க ஒருவர் இருக்கும் வீடு என்றால் ஜெல்லிஃபின் சர்வர். பெரிய திரையில் மட்டும் கோடியை அதனோடு இணைத்துக்கொள்ளலாம், அதற்கான துணைநிரல் உண்டு. நான் பரிந்துரைப்பது இந்த இணைப்பையே. பராமரிக்க யாருமில்லாத வீட்டுக்குப் பிளெக்ஸ், சந்தாவையும் மாறும் நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டு.

எதற்கு மாறுவதானாலும் பழைய மென்பொருளை நீக்குவதற்கு முன் இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். மீடியா சென்டர் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், பூட்டில்லாத பதிவுகளைப் பிரித்தெடுத்து எம்கேவி போன்ற பொது வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பூட்டுள்ளவற்றை அந்தக் கணினியிலேயே பார்த்து முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோடி பயன்படுத்துவோர், நூலகத்தைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யும் தெரிவை இயக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு படக்கோப்பின் அருகிலும் அதே பெயரில் ஒரு என்எஃப்ஓ கோப்பு உருவாகும். அதை எந்த உரைத் திருத்தியிலும் திறந்து படத்தின் பெயர், ஆண்டு, நடிகர்கள், எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதுவரை படிக்கலாம். ஜெல்லிஃபின் அந்தக் கோப்புகளைப் படித்து நூலகத்தை அமைத்துக்கொள்ளும். நாளை ஜெல்லிஃபினும் நின்றுபோனால், அடுத்து வருவதும் அவற்றைப் படிக்க முடியும்.