நாயோடு ஐரோப்பாவில் குடியேறிச் சில வருடங்கள்: எது கைகொடுத்தது?

எங்கள் நாயை ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றுக்குக் கூட்டிவந்து சில வருடங்கள் ஆகின்றன. எந்த வேலையை எதற்கு முன் முடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

முதலில் மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சின்னச் சில்லு), அப்புறம்தான் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி. சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு சிப்பில் உள்ள 15 இலக்க எண்தான் சாட்சி. எங்கள் மருத்துவர் மருந்தை எடுப்பதற்கு முன்பே நாயின் பிடரியில் ஸ்கேனரை ஓட்டி, திரையில் வரும் எண்ணைத் தடுப்பூசிப் புத்தகத்தோடு ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பார். வந்திறங்கிய இடத்தில் அதிகாரியும் முதலில் அதைத்தான் செய்தார்.

ரேபிஸ் கட்டுக்குள் இல்லாத நாடுகளிலிருந்து வருவோருக்குக் காத்திருப்பு நீளம். ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச்சக்தி அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வாவது (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் பொறுக்க வேண்டும். ஜப்பான் என்றால் 180 நாள். வேலை உறுதியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், நாயை யாரிடமாவது விட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டிவரும். அந்தப் பிரிவு அதற்குப் புரியாது. வெளிநாடு போகும் எண்ணம் வந்ததுமே தொடங்கிவிடுங்கள்.

கூண்டு, நாய் தலை இடிக்காமல் நிற்கவும் திரும்பவும் படுக்கவும் இடம் கொடுக்க வேண்டும். பல வாரங்களுக்கு முன்பே வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு, சாப்பாட்டை உள்ளேயே வைத்தோம். பயண நாளில் அது தானாகவே உள்ளே போய்ப் படுத்தது. கிண்ணத்துத் தண்ணீரை உறையவைத்து மாட்டியதால் ஏற்றும்போது சிந்தவில்லை. மயக்க மருந்து மட்டும் வேண்டாம். வானத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறலாம். பக், புல்டாக் போன்ற தட்டைமூக்கு இனங்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதே இல்லை.

வந்தபின் கவனிக்க வேண்டியது பூஸ்டர் தேதி. ஊசி காலாவதியாகாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றியத்துக்குள் திரும்பி வர அந்த ரத்தப் பரிசோதனையே போதும். ஒரு நாள் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. பிரிட்டனுக்குப் போவதானால் நாடாப்புழு மருந்தும் தேவை. நுழைவதற்கு 24 முதல் 120 மணி நேரம் முன்பு மருத்துவர் கொடுத்து, நேரத்தோடு பதிந்திருக்க வேண்டும்.